காதுக்கு எட்டாத ஒலி

ஆசிரிய நண்பர்களே, நம் தூத்துக்குடி விசைப்படகுகளில் உள்ள எக்கோ சவுண்டர் 50,000 ஹெர்ட்ஸ், 2,00,000 ஹெர்ட்ஸ் மீயொலியைக் கடலுக்குள் அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டுகிறது. அங்கே மீயொலி சோறு போடுகிறது.

பாட்டு கேட்பதற்கு? '40,000 ஹெர்ட்ஸ் வரை' என்று அட்டையில் போட்ட ஹெட்போன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் என் வகுப்பிலும் உண்டு. அப்பா கடலுக்குப் போய்க் கொண்டுவந்த காசு அது! மனிதச் செவியின் மேல் எல்லையே 20,000 ஹெர்ட்ஸ். 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுப்பதால் 22,050 வரை தாங்கும்.

வகுப்பில் கைபேசிச் செயலி ஒன்றில், சத்தத்தைக் குறைத்துவைத்து, அதிர்வெண்ணை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். கேட்கும்வரை எல்லோரும் கை தூக்கட்டும், நீங்களும்தான். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்குவதால் முதலில் இறங்குவது பெரும்பாலும் நம் கைதான். பிறகு அந்த ஹெட்போன் அட்டையைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள்.