கரையைக் குடையும் அலை



நம் புக்கிட் தெங்கா வட்டாரத்து ஜூரு ஆறு கோலா ஜூருவில் கடலோடு சேர்கிறது. அங்கே கரை மணலன்று, சேறு. அச்சேற்றைப் பிடித்து நிற்பவை பாக்காவ், அப்பி-அப்பி முதலிய மரங்கள். அலையை ஆற்றுவதால் தமிழில் இவற்றை அலையாத்தி என்கிறோம்.

2004 டிசம்பர் 26இல் பினாங்கில் 52 உயிர்களைப் பறித்த ஆழிப்பேரலையை நாம் மறக்கவில்லை. ஆனால் சதுப்புக் கரையை ஆண்டுக்கணக்கில் தின்பது பேரலையன்று. அமெரிக்கா, இத்தாலி, ஆஸ்திரேலியா நாடுகளின் உப்புச் சதுப்புகளைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வு, நீண்டகால அரிப்பில் கடும்புயலின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்கிறது. அடிக்கடி வரும் நடுத்தர அலைகளே மிகுதியாக அரிக்கின்றன.

எப்படி அரிக்கின்றன? மழைநாளில் தோட்டத்து வாய்க்காலைப் பாருங்கள். மேலே புல்வேர் மண்ணைப் பிடித்திருக்கும். கீழே நீர் குடைந்துவிடும். பிறகு விளிம்பு புல்லோடு சரியும். சதுப்பிலும் இதுவே நடக்கிறது. வேருக்குக் கீழுள்ள மென்சேற்றை அலை கரைக்கிறது. மேல்மண் கூரை இறவாரம்போல் நீட்டி நின்று, ஒருநாள் மரத்தோடு சாய்கிறது. விழுந்த மண்ணையும் அலை கொண்டுபோக, அடுத்த விளிம்பு அடி வாங்குகிறது. ஆகவே உள்ளே காடு பசுமையாய் இருக்கும்போதே வெளி விளிம்பு பின்வாங்கிக்கொண்டிருக்கலாம்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். மேற்குக் கரையில் மண் அணைகளுக்குப் பின்னால் வயல்களும், தென்னை, செம்பனைத் தோட்டங்களும் உள்ளன. முன்னே காடு உள்ளவரை அலை வலுவிழந்தே அணைக்கு வரும். காடு தேய்ந்தால் அணை அரிபடும். அணை உடைந்தால் உப்புநீர் புகும். பயிர் வாடினால் அதை நம்பிய குடும்பங்களின் அடுப்பும் அணையும். 1980களின் நடுவில் நடந்த தேசிய ஆய்வு, மலேசியக் கடற்கரையில் ஏறக்குறைய 29 விழுக்காடு அரிபடுவதாகக் கண்டது.

பினாங்கு மீனவர்கள் 1990கள் முதல் அலையாத்திக் கன்றுகளை நட்டு வருகின்றனர். நல்ல பணி. எனினும் அலை மோதும் விளிம்பிலேயே நட்டால் கன்று வேரூன்றுமுன் பிடுங்கப்படும். அங்கே முதலில் அலையின் வேகத்தைத் தணிக்க வேண்டும். எல்லாவற்றிலும் எளிய வழி, நிற்கும் மரத்தை வெட்டாதிருப்பது. விறகுக்கென்று முன்வரிசை மரத்தில் கத்தி வைப்பது, நம் வீட்டு வேலியைப் பிடுங்கி எரிப்பதற்கு ஒப்பாகும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.