பெற்றோர் சொல் சான்றாகுமா?

குழந்தையின் மூளை நரம்பு சார்ந்த மனநலக் குறைபாட்டை மருத்துவமும் சட்டமும் ஏற்க வேண்டும் என்று பெற்றோர் கேட்கும்போது, அந்தக் கோரிக்கைக்கு என்ன மதிப்புத் தருவது? இந்தக் கேள்வி அவையில் பலருக்குப் பழக்கமானது. நான் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்ததே. பெற்றோர் சொல்வது வெறும் முறையீடு, மருத்துவர் எழுதுவதே சான்று என்று துறை நண்பர்கள் பலர் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். மருத்துவர் எழுதும் சான்றே பெற்றோர் சொல்லின்மேல்தான் நிற்கிறது என்பதை இன்று நிறுவ விரும்புகிறேன்.

ஆட்டிசத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைக் குறித்தது. ஆட்டிசம் அவற்றில் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது; ஆனால் அதன் நோக்கம் பராமரிப்பும் காப்பாளர் நியமனமும்தான். கல்வி, வேலை உரிமைகளெல்லாம் 1995 சட்டத்தின் வழியாகவே வந்தன. ஆகவே ஆட்டிசக் குழந்தைக்குச் சான்றிதழ் வாங்கப் போனவர்கள் பெரும்பாலும் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற தலைப்பின்கீழ்தான் வாங்க முடிந்தது. ஐ.க்யூ. 70ஐத் தாண்டினால் அந்த வாசலும் அடைபட்டது. எதிரில் இருப்பவர் முகத்தையே பார்க்காத, பேசாத குழந்தைக்கு நடத்தும் ஐ.க்யூ. சோதனை எதை அளந்தது என்பது வேறு கேள்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக்கி, அவற்றுள் ஆட்டிசத்தையும் சேர்த்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், எங்கள் பிள்ளைக்கு இருப்பது வேறு என்று விடாமல் சொன்னவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் பெற்றோர்கள். டெல்லியில் 1991இல் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கிய மெரி பரூவாவும் ஒரு தாய்தான்.

என் முதன்மைச் சான்று, ‘ஐசா’ என்று சுருக்கமாக வழங்கும் ஆட்டிச மதிப்பீட்டு இந்திய அளவுகோல். செகந்திராபாத்தில், அன்று தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் உருவாக்கியது. இன்று நாடு முழுவதும் ஆட்டிசத்தின் சதவீதத்தைக் கணக்கிடுவது இதைக் கொண்டுதான். இதில் 40 கூறுகள்: சமூக உறவுக்கு 9, உணர்ச்சி வெளிப்பாட்டுக்கு 5, பேச்சுக்கும் தொடர்புக்கும் 9, நடத்தைக்கு 7, புலன்களுக்கு 6, அறிதிறனுக்கு 4. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதைக் கவனியுங்கள். 20 சதவீத நேரம் வரை ஒன்று நடந்தால் 1, 21 முதல் 40 வரை என்றால் 2, 41 முதல் 60 வரை என்றால் 3. இப்படியே 5 வரை போகும். அதாவது இந்த அளவுகோல் கேட்பது ஒரு நடத்தை இருக்கிறதா என்பதை மட்டுமல்ல, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும். அரை மணி நேரம் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் அதை எப்படி அறிவார்?

புலன்கள் பற்றிய பிரிவை எடுத்துக்கொள்வோம். ஒலியோ ஒளியோ தாங்காமல் தவிப்பது ஒரு கூறு. வலி உறைக்காதிருப்பது இன்னொரு கூறு. பரிசோதனை அறையில் மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது. சூடு பட்ட கையைக் குழந்தை இழுத்துக்கொள்ளாமல் நிற்பதையும் அங்கே பார்க்க முடியாது. இவற்றைப் பார்த்தவர் வீட்டில் இருப்பவர். நடத்தைப் பிரிவில், எதுவும் மாறாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஒரு கூறு. பள்ளிக்குப் போகும் வழி ஒருநாள் மாறினாலும் நடுரோட்டில் புரண்டு அழும் பிள்ளையைப் பற்றித் தாய் சொன்னால்தான் அந்தக் கட்டத்தில் எண் விழும். அபூர்வத் திறமையையும் இந்த அளவுகோல் ஒரு கூறாகக் கணக்கில் எடுக்கிறது; எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைச் சொல்லும் பிள்ளைக்கு அதற்கும் மதிப்பெண் கூடும். அதையும் வீட்டார் சொல்லித்தான் அறிய வேண்டும். இப்படிச் சேர்ந்த கூட்டுத்தொகை 70ஐ எட்டாவிட்டால் ஆட்டிசம் இல்லை என்று முடிவாகும். 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. 70 என்றால் 40 சதவீதம். சட்டத்தின் பெரும்பாலான பலன்கள் தொடங்கும் எல்லை அதுவே. ‘சில நேரம்’ என்று தாய் சொன்னதும் ‘அடிக்கடி’ என்று சொன்னதும் ஒரே ஒரு கூறில் ஒரு மதிப்பெண்ணை மாற்றி, 69ஐ 70 ஆக்கிவிடும். பெற்றோர் சொல்லைச் சட்டம் தன் கணக்கின் மையத்திலேயே வைத்திருக்கிறது. வாசலில் நின்று அதைச் சந்தேகிப்பது எந்த வகையில் அறிவியல்?

பெற்றோர் சலுகைக்காக மிகைப்படுத்துவார்கள் என்பது இதற்கு எழும் முதல் மறுப்பு. அளவுகோலை நிரப்புபவர் குழந்தையை நேரிலும் கவனிக்க வேண்டும் என்பது விதி. 40 கூறுகளிலும் முரணில்லாமல் பொய் சொல்வது எளிதல்ல. சான்றிதழும் சும்மா வந்துவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபின் தாம்பரம், பல்லாவரம் குடும்பங்களுக்கு மாவட்டத் தலைநகர் செங்கல்பட்டு. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கும் முட்டுக்காடோ மின்சார ரயில் போகாத கிழக்குக் கடற்கரைச் சாலையில். ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகிறது. கைக்கு வருவதில் ஒன்று, ‘நிராமயா’ திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு. இதற்காகப் பிள்ளைக்குக் குறை கற்பிக்கும் பெற்றோரைவிட, ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று வீட்டார் சொல்வதை நம்பிக் காலத்தைக் கடத்தும் பெற்றோரைப் பற்றியே நாம் கவலைப்பட வேண்டும்.

பெயர் சூட்டினால் முத்திரை விழும் என்பது அடுத்த மறுப்பு. மருத்துவப் பெயர் வருமுன்பே ‘சேட்டை’, ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற முத்திரைகள் விழுந்துவிடுகின்றன. தாயின் பாசக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் எழுதியதை மேற்குலகம் பல ஆண்டுகள் நம்பியது. அதை 1964இலேயே நூலெழுதி எதிர்த்த பெர்னார்ட் ரிம்லாண்ட் ஓர் ஆட்டிசக் குழந்தையின் தந்தை.

பெற்றோர் சொல்வதையெல்லாம் ஏற்றுவிட முடியுமா என்பது மூன்றாவது. இது நியாயமான கேள்வி. 1998இல் அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோ குழுவினர், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் குழந்தைகளிடம் கட்டாய எண்ணங்களும் தசைத் துடிப்புகளும் திடீரெனத் தொடங்கும் ‘பாண்டாஸ்’ என்ற நிலையை விவரித்தார்கள். அதை ஏற்கும்படி பெற்றோர் கேட்டாலும், அதன் காரணம் பற்றி மருத்துவர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை. குழந்தையின் துன்பத்தை ஏற்பது வேறு, அதன் காரணத்தையும் சிகிச்சையையும் ஏற்பது வேறு. முன்னதற்குப் பெற்றோர் சாட்சியம் போதும். பின்னதற்கு ஆய்வு வேண்டும். ஆட்டிசத்தின் காரணமும் இன்னும் முழுதாகத் தெளியவில்லை; ஆனாலும் சட்டம் ஏற்றது.

நேரமாகிவிட்டது, செய்ய வேண்டியவற்றைச் சொல்லி அமர்கிறேன். கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. குறைபாடு 2016 சட்டத்தின் அட்டவணையில் தனி வகையாக இல்லை. புதிய வகைகளை அறிவிக்கையாலேயே சேர்க்க மத்திய அரசுக்கு அந்த அட்டவணை இடம் தருகிறது. நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. அதற்கான தரவைப் பள்ளிகளிலிருந்து திரட்டலாம். 69இல் நின்றுபோன பிள்ளைகள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதை யாராவது ஆராய வேண்டும். பெண் குழந்தைகள் இந்த அளவுகோலில் விடுபடுகிறார்களா என்பது தனி ஆய்வு. மாணவர்களே, இவற்றில் ஒன்றையாவது முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்; களப்பணியைப் பெற்றோரிடமிருந்து தொடங்குங்கள்.