பழுது பார்க்கும் கை



எங்கள் லால்குடி வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. என் பாட்டியாருக்குத் திருமணச் சீராக வந்தது. சென்ற பொங்கலுக்கு அதிலேதான் பொங்கலிடவேண்டும் என்று என் பேத்தி ஆசைப்பட்டாள். இறக்கிப் புளியிட்டுத் துலக்கினோம். வெளிப்புறம் பொன்போல் ஒளிர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஈயப் பூச்சு தேய்ந்து ஆங்காங்கே பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. ஈயம் பூசுகிறவரைத் தேடிக் கடைத்தெரு முழுவதும் அலைந்தேன். "எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா" என்றார் ஒருவர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அவ்வாண்டுப் பொங்கல் குக்கரில் பொங்கியது.

உங்களில் பலர் ஈயம் பூசுவதைக் கண்டிருக்கமாட்டீர்கள். பித்தளையில் செம்பு கலந்திருக்கிறது. புளியும் மோரும் பட்டால் அச்செம்பு கரைந்து உணவில் கலக்கும். அது உடலுக்குத் தீங்கு. அதைத் தடுப்பதற்கே வெள்ளீயப் பூச்சு. தெருமுனையில் சிறு குழி தோண்டித் துருத்தியைப் பொருத்திக் கரியை மூட்டுவார்கள். பாத்திரம் சூடேறியதும் நவச்சாரப் பொடியைத் தூவுவார்கள். குப்பென்று வெண்புகை எழும். அப்பொடி உலோகத்தின் மேலுள்ள அழுக்குப் படலத்தை நீக்குகிறது. பிறகு ஈயக் குச்சியைத் தொட்டவுடன் அது உருகி ஓடும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். பித்தளை உருகுவதற்கு அதனினும் பன்மடங்கு வெப்பம் வேண்டும். ஆதலால் பாத்திரத்துக்கு ஊறு நேர்வதில்லை. உருகிய ஈயத்தைப் பஞ்சினால் ஒரே வீச்சில் உட்புறம் முழுவதும் இழுத்துவிடுவார்கள். நொடிப்பொழுதில் பாத்திரத்தின் உள்ளே நிலவு உதித்தாற்போல் இருக்கும். வேதியியலும் இயற்பியலும் அந்தக் குழியருகே நின்று கற்கலாம். நான் ஆசிரியப் பயிற்சியில் கற்ற பாடக்குறிப்பு எதுவும் அதற்கு ஈடாகாது.

அந்தக் கை எங்கே போயிற்று? இதற்கு விடை சொல்லும்போது என் குற்றத்தையும் சொல்லியாகவேண்டும்.

நான் ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவனுடைய தந்தையார் ஈயம் பூசுகிறவர். கணக்கில் அவன் பின்தங்கியபோதெல்லாம், "ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் உன் அப்பாவைப்போலத் துருத்திதான் ஊதவேண்டும்" என்று வகுப்பறிய அதட்டியிருக்கிறேன். அவன் நலம் கருதியே அப்படிச் சொல்கிறேன் என்று நம்பினேன். அவனும் படித்து முன்னேறி, திருச்சியில் ஒரு வங்கியில் அலுவலராகி, இப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருக்கிறான். தவலைக்காக அவனைத் தேடிச் சென்றேன். "அந்த வேலை உனக்குத் தெரியுமா, தம்பி?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "அப்பா என்னைத் துருத்தியைத் தொடவே விட்டதில்லை, ஐயா. நீங்கள் சொன்னதைத்தான் அவரும் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றான். அவன் குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் அவன் கொடுத்த காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

அவன் வங்கிக்குப் போனது தவறா? அன்று; அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஒரு தொழிலை இழிவென்று ஒரு சிறுவனின் மனத்தில் பதித்தேனே, அதுதான் தவறு. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி கற்பிக்கவேண்டும் என்ற கருத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார். ஆதாரக் கல்வி என்று அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். ஏட்டில் எழுதியதை நாவில் மறந்தேன்.

பழுது பார்ப்பது சிறு தொழில் என்று எண்ணுவோர் எங்கள் ஊரிலிருந்து இரயில் ஏறிப் பொன்மலை நிலையத்தில் இறங்கட்டும். அங்குள்ள பெரும் பணிமனை 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்தது. நீலகிரி மலை இரயிலை நீங்கள் அறிவீர்கள். 2005இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அம்மலைமீது பல்சக்கரத்தைப் பற்றி ஏறிய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. தேய்ந்தவற்றைப் பொன்மலைக்குக் கொணர்ந்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் செப்பமிட்டு அனுப்பினார்கள். அவ்வாறு பழுது பார்த்துப் பழகிய அதே பணிமனை பின்னாளில் அவ்வகை எஞ்சினைப் புதிதாகவே செய்தும் கொடுத்தது. பிரித்துப் பார்த்தவனுக்கே செய்யவும் தெரியும்.

இனி வீட்டுக்கு வருவோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூடத்து மின்விசிறி சுழல மறுத்தது. கோலால் தள்ளிவிட்டால் மெல்லச் சுழலும். பழையதாகிவிட்டது என்று கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினேன். பிறகு மின்பணியாளர் ஒருவர் சொன்னார்: அந்தக் குறி தெரிந்தால், பெரும்பாலும் கெட்டிருப்பது கண்டென்சர் என்னும் சிறு உறுப்பே. அதன் விலை நூறு ரூபாய்க்குள். நான் எறிந்தது விசிறியையா, என் அறியாமையையா? அவ்விசிறியில் இருந்த செம்புக் கம்பியைச் சுரங்கத்திலிருந்து தோண்டி, உருக்கி, இழுத்து, சுற்றிய உழைப்பு முழுவதையும் ஒரு சிறு உறுப்புக்காக இழந்தேன்.

இப்படி எறியப்படுபவை எங்கே போகின்றன என்பதைத் திருச்சி மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அரியமங்கலத்துக் கிடங்கில் பல்லாண்டுகளாக மலைபோல் குவிந்து, கோடையில் தீப்பற்றிப் புகைந்த குப்பையை நாம் அறிவோம். அக்குவியலைக் கிளறிப் பிரிக்க எத்தனை பொருளும் உழைப்பும் செலவாயின! ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021இல் மஞ்சப்பையை மீண்டும் அழைத்தோம். பை மாறியது நன்று. பைக்குள் வருவது மாறியதா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

பிற நாட்டாரும் இதை உணராமல் இல்லை. 2009இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பெண்மணி ஓர் ஏற்பாடு செய்தார். பழுதான பொருளோடு வருபவரும், பழுது நீக்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து, தேநீர் அருந்திக்கொண்டே சேர்ந்து செப்பனிடுவார்கள். பல நாடுகளில் அது பரவியிருக்கிறது. பொருளைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, உடனிருந்து பார்க்கவேண்டும் என்பதே அதன் சிறப்பு. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் 'பழுது நீக்கும் உரிமை'க்கென்று அரசு ஓர் இணையத்தளம் தொடங்கியது. உதிரி உறுப்புக் கிடைக்காதபடியும், திறக்க முடியாதபடி ஒட்டியும் பொருள்களைச் செய்து விற்போர் உள்ளவரை, பழுது பார்க்கும் ஆசை மட்டும் போதாது என்பதை அரசுகளும் கண்டுகொண்டன.

எல்லாவற்றையும் செப்பனிட்டே தீரவேண்டும் என்றும் நான் கூறவில்லை. விரிசல் விட்ட குக்கர் மூடியையும், உறை கருகிய மின்கம்பியையும் சிக்கனம் என்று வைத்துக்கொள்வது அறிவீனம். மின்பொருளைத் திறக்குமுன் இணைப்பைத் துண்டியுங்கள், தெரிந்தவர் உடனிருக்கவேண்டும். ஆனால் அறுந்த பைக்காதைத் தைக்கவும், மிதிவண்டிக் குழாயில் ஓட்டையைத் தண்ணீரில் அமிழ்த்திக் கண்டு ஒட்டவும், கழன்ற கரண்டிப் பிடியை முடுக்கவும் யார் துணை வேண்டும்? பழைய வேட்டி கிழிந்தால் துண்டாகும். துண்டு கிழிந்தால் கைப்பிடித் துணியாகும். அதுவும் நைந்தால் விளக்குக்குத் திரியாகும். எங்கள் வீட்டில் ஒரு வேட்டி இவ்வாறு நான்கு பிறவி எடுத்ததை நான் கண்டிருக்கிறேன். என் தாயார் இதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

தவலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பல இடங்களில் விசாரித்து, திருச்சியில் ஒரு சந்துக்குள் வயது முதிர்ந்த ஒருவரைக் கண்டுபிடித்தேன். இப்போதும் ஈயம் பூசுகிறார். துருத்தியை எடுத்துக்கொண்டு வண்டியேற முழங்கால் இடங்கொடுக்கவில்லை என்றார். வாடகை வண்டி அனுப்புவதாகச் சொன்னேன். அடுத்த மாதம் வர இசைந்திருக்கிறார். "வேடிக்கை பார்க்க யாராவது வருவார்களா, ஐயா?" என்று கேட்டார். எங்கள் தெருவில் ஆறு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வங்கியில் பணிபுரியும் என் பழைய மாணவனும் அன்று விடுப்பு எடுத்திருக்கிறான்.