காலனிக் கூட்டத்தில் நம் நாற்காலி
(சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இந்த மேடையில் பேசுவோர் திருக்குறளையோ கம்பனையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நானோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே காலம் கழிப்பவன். அப்பெரும் பொருள்களைப் பற்றிப் பேசத் தகுதியுடையோர் எனக்குப் பின்னே பேசவிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது குடிநீர், சாக்கடை, கொசு, சந்தா இவற்றைப் பற்றியது. விழா நாளில் இதுவா பேச்சு என்று எவரும் முகம் சுளிக்க வேண்டாம். சர்க்கரைப் பொங்கல் இறங்க இன்னும் சிறிது நேரமாகும் என்று சமையற்கட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது.

நம் சங்கத்தின் விழா என்றால் இக்கூடத்தில் நிற்கவும் இடம் கிடைப்பதில்லை. பட்டுப்புடவையும் மல்லிகையுமாகக் குடும்பத்தோடு வருகிறோம். ஆனால் இதே கூடத்தில், இதே நாற்காலிகளில், மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை நம் காலனியின் குடியிருப்போர் நலச் சங்கம் கூடுகிறது. அங்கே நம்மவர் முகத்தைக் காண்பது அரிது. இரண்டாண்டுகளாக அச்சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஆகவே வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டே சொல்கிறேன். தமிழ்க் குடும்பங்களிலிருந்து மூவர் வந்தால் அது பெரிய நாள்.

அச்சங்கம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர் உண்டு. தில்லியில் இத்தகைய சங்கங்கள் பெரும்பாலும் 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவை. தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்துச் சட்டம் அது! ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். அதற்கு வரி விதிக்கும் உரிமையில்லை. எவரையும் தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. அதற்குள்ள ஆயுதங்கள் இரண்டே: கூடிப் பேசுவது ஒன்று, பேசியதை எழுதி அனுப்புவது மற்றொன்று. ஆயினும் இவற்றைக் கொண்டே காரியம் நடந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் மின்கட்டணம் நூற்றுக்குப் பத்து உயர்ந்தபோது, தில்லிக் காலனிகளின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. உயர்வு திரும்பப் பெறப்பட்டது. அதனால் இன்னும் பெரிதாக எதையோ நான் வாக்களிப்பதாக நினைக்க வேண்டாம். நம் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற கோடையில் நம் காலனியின் கடைசி இரண்டு தெருக்களில் குழாய்த் தண்ணீர் நாறிற்று. பல வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இருபது நாள்வரை இச்செய்தி தமிழிலேயே உலவிக்கொண்டிருந்தது. கோயிலில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மாடிக்கு மாடி பேசிக்கொண்டார்கள். ஊருக்குத் தொலைபேசியிலும் சொன்னார்கள். வசதியுள்ளவர் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கி மாட்டினார்கள். அந்த இயந்திரமோ ஒரு குடம் நல்ல நீர் தருவதற்கு இரண்டு மூன்று குடம் நீரைக் கழிவென்று வெளியே தள்ளுவது. மேலும், தெருமுனையில் இஸ்திரி போடுபவனின் பிள்ளைகளும் காவற்காரரும் பொதுக்குழாயில்தானே குடிக்க வேண்டும்? அவர்களுக்கு எந்த இயந்திரம்?

பிறகு நம் தமிழ் அம்மாள் ஒருவர் காலனிக் கூட்டத்துக்கு வந்தார். கையில் இரண்டு கண்ணாடிப் புட்டிகள். ஒன்றில் குழாய் திறந்தவுடன் பிடித்த நீர். மற்றொன்றில் கால்மணி நேரம் கழித்துப் பிடித்த நீர். முதலாவது கலங்கி நாறிற்று. இரண்டாவது ஏறக்குறையத் தெளிவாயிருந்தது. அவருடைய இந்தியில் ஆண்பாலும் பெண்பாலும் இடம் மாறி நின்றன. ஆனால் மூடியைத் திறந்தபோது மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்த இரண்டு புட்டிகளுக்குள் முழு விஷயமும் அடங்கியிருந்தது. நமக்குத் தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. காலையும் மாலையும் குறித்த வேளையில் மட்டும் வருகிறது. மற்ற வேளைகளில் நிலத்தடிக் குழாய் அழுத்தமின்றி வெறுமையாகக் கிடக்கிறது. பழைய இணைப்புகள் கசிகின்றன. பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் போகிறது, அதுவும் கசிகிறது. குழாயில் அழுத்தம் இருக்கும்போது நல்ல நீர் வெளியே கசியும். அழுத்தம் இல்லாதபோது வெளியே தேங்கிய அழுக்கு உள்ளே புகும். இதனால்தான் முதலில் வரும் நீர் நாறுகிறது. இது போதாதென்று, நம் வீடுகளில் மோட்டாரை நேரே பொதுக்குழாயில் பொருத்தி உறிஞ்சுகிறோம். விதி இதைத் தடை செய்கிறது. மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, கசிவின் வழியே சாக்கடை நீரையும் சேர்த்தே இழுத்துவிடுகிறது. நாம் இழுப்பது நம் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. அடுத்த வீட்டுக்கும் போகிறது.

அன்றைய கூட்டத்தில் தீர்மானம் எழுதினோம். எந்தெந்த வீட்டில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு நாற்றம் என்று அட்டவணை ஒன்று சேர்த்தோம். அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடிதங்களைப் பதிவு செய்து வருபவன் என்ற முறையில் ஒன்று சொல்லுவேன். “தண்ணீர் சரியில்லை” என்று வரும் கடிதம் ஒரு கோப்பில் தூங்கப் போகும். வீட்டு எண்ணும் தேதியும் மணியும் உள்ள கடிதத்தைத் தூங்க வைப்பது கடினம். நீர் வழங்கும் துறையினர் வந்து மூன்று இடங்களில் தோண்டினார்கள்; மூன்றாவது குழியில் உடைந்த இணைப்பு அகப்பட்டது. அதைச் சரிசெய்தார்கள்.

மோட்டார் விஷயம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. பெரிய வாக்குவாதம். “எல்லாரும் நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன்” என்றார் ஒருவர். எல்லாரும் அதையே சொன்னார்கள். இறுதியில், நீர் முதலில் தானே தரைத்தொட்டியில் விழட்டும், அங்கிருந்து மாடித் தொட்டிக்கு மோட்டாரால் ஏற்றிக்கொள்வோம் என்று முடிவாயிற்று. பலர் மாற்றிக்கொண்டார்கள். இன்னும் பதினொரு வீடுகளில் நேரடி மோட்டார் ஓடுகிறது. அவற்றுள் இரண்டு தமிழர் வீடுகள். பெயர் சொல்லப் போவதில்லை. இருவரும் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

கொசுவைப் பற்றியும் ஒரு சொல். 1996-ஆம் ஆண்டில் தில்லியில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது பதினாயிரம் பேருக்கு மேல் நோயுற்று, நானூறு பேருக்கு மேல் மாண்டனர். அக்கொசு சாக்கடையில் வளர்வதன்று. நம் வீட்டுக் கூலர்த் தொட்டியின் தெளிந்த நீரில் வளர்வது. முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையோ நீரின்றி உலர்ந்தாலும் பல மாதம் சாவதில்லை. தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த கோடையின் தண்ணீருக்காகக் காத்திருக்கும். இப்போது குளிர்காலம், கூலர்கள் துணி போர்த்தி மாடியில் உறங்குகின்றன. நீர் ஊற்றுமுன் தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். என் வீட்டில் கழுவினால் மட்டும் போதுமா? அக்கொசுவுக்கு அடுத்த மாடி எட்டாத தூரமன்று. ஆகவேதான் இதுவும் கூட்டத்துக்கு வர வேண்டிய பொருளாகிறது.

நம்மவர் வாராமைக்கு இந்தியைக் காரணம் சொல்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காய்கறி வண்டிக்காரரிடம் அரைமணி நேரம் வாதாடி, கொத்தமல்லியையும் பச்சைமிளகாயையும் கொசுறாக வாங்கிவிடுகிற இந்தி நம் தாய்மார்களிடம் இருக்கிறது. சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொல்ல அதைவிட மேலான இந்தி வேண்டியதில்லை. “என்றோ ஊருக்குப் போகிறவர்கள்தாமே நாம்” என்பது மற்றொரு காரணம். இப்படிச் சொல்லிக்கொண்டே முப்பதாண்டு இங்கே இருந்தவர்களை நான் அறிவேன். முன்பு கூட்டம் இரவு எட்டு மணிக்கு நடந்தது. அடுப்பில் தோசைக்கல் இருக்கும் நேரத்தில் பெண்கள் எப்படி வருவார்கள்? அது நியாயமான குறை. இப்போது காலை பத்து மணிக்கு மாற்றியிருக்கிறோம்.

ஆனால் இவற்றையெல்லாம்விடக் கனமான காரணம் ஒன்று உண்டு. நம்மில் பலர் வாடகை வீட்டில் இருக்கிறோம். நம் காலனிச் சங்கத்தின் விதிப்படி வீட்டுக்குச் சொந்தக்காரர் மட்டுமே உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். கை தூக்க முடியாது. சொந்தக்காரரோ குருகிராமத்திலோ அமெரிக்காவிலோ இருக்கிறார். நாறும் தண்ணீரைக் குடிப்பவருக்கு வாக்கில்லை. குடிக்காதவருக்கு வாக்கு இருக்கிறது!

உத்திரமேரூரைச் சொல்லாமல் எந்தத் தமிழ் மேடையும் நிறைவுறுவதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் குடவோலை முறையும், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் விளக்கப்பட்டிருப்பதைப் பெருமையோடு பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் மீண்டும் வரலாகாது என்று அக்கல்வெட்டு கூறுவது போற்றத்தக்கது. நம் காலனியில் கணக்கு வாசிக்கும் வேளையும் தேநீர் வரும் வேளையும் எப்படியோ ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஆனால் அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவரே, அதிலும் வேதப் பயிற்சி உள்ளவரே, வாரியத்துக்கு வரலாம் என்றும் சொல்கிறது. இந்தப் பகுதியை மேடைகளில் யாரும் எடுத்துச் சொல்லக் கேட்டதில்லை. உழுதவனுக்கும் கூலிக்காரனுக்கும் அங்கே ஓலை இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பின்னும் சொந்த மனை உள்ளவருக்கே ஓலை என்று நாம் இருக்கலாமா?

இங்கே நம்மவர் சிலருடைய கதையையும் சொல்ல வேண்டும். ஜங்க்புராவை ஒட்டி, பாராபுல்லா வடிகாலின் கரையில் ‘மதராஸி கேம்ப்’ என்ற குடிசைப் பகுதி பல்லாண்டுகள் இருந்தது. அங்கிருந்தோரில் மிகப் பலர் சுற்றியுள்ள காலனிகளில் வீட்டு வேலை செய்து பிழைத்த தமிழர். வடிகாலின் அடைப்பை நீக்க வேண்டும் என்ற காரணத்தால், உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் முதல் நாள் அப்பகுதி இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீடு பெறத் தகுதி உண்டென்று முடிவாயிற்று. அவ்வீடுகளும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில். காலையில் பாத்திரம் துலக்க ஜங்க்புராவுக்கு வந்தவர் நரேலாவிலிருந்து எப்படி வருவார்? வடிகால் அடைபடக் கூடாது என்பது மெய், அதில் வாதமில்லை. ஆனால் ஒரு காலனியில் நாள்தோறும் உழைப்பவரின் சொல்லும் அக்காலனியின் ஏட்டில் ஏற வழி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் காலனியில் வண்டிக்காரரை உள்ளே விடாமல் வாயிற்கதவைப் பூட்டலாமா என்ற பேச்சு இப்போது எழுந்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நம் போன்ற சங்கங்களுக்கு இடம் தந்து, வியாபாரிகளுக்கும் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம் ஒதுக்கியிருக்கிறது. கதவைப் பூட்டுவதற்கு முன் அவர்களையும் அழைத்துப் பேசலாமே!

இனி, கூட்டத்துக்கு வருவோருக்கு என் அலுவலக அனுபவத்தில் இரண்டொரு யோசனைகள். பேசிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். நீங்கள் சொன்னது குறிப்பேட்டில் ஏறியதா என்று என்னிடம் கேட்டு, வாசிக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அனுப்பிய கடிதத்துக்கு மறுமொழி இல்லையெனில், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, அக்கடிதம் என்னவாயிற்று என்று கேட்கலாம். முப்பது நாளில் விடை தர வேண்டும். சங்கம் பதிவாளரிடம் கொடுத்துள்ள பத்திரங்களையும் எவரும் பார்வையிடலாம். 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதற்குக் குறித்த கட்டணம் ஒரு ரூபாய். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்குரிமை இல்லை என்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாடகைக் குடியிருப்போரையும் உறுப்பினராக்கும் விதித் திருத்தம் கூட்டத்துக்கு வருகிறது. அது நிறைவேற, வந்திருப்போரில் மூன்றில் இரு பங்கினர் கை தூக்க வேண்டும். சொந்த வீடுள்ள தமிழ்க் குடும்பங்கள் இருபத்துமூன்று. நேற்றுவரை அவற்றுள் ஒன்பது குடும்பங்களின் சந்தா பாக்கி. சனிக்கிழமை மாலைவரை பொருளாளர் வீட்டில் இருப்பார். பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்; ஞாயிறன்று மறவாமல் ரசீதைக் கையோடு கொண்டுவாருங்கள்.