ஒரு ‘க்’ படுத்தும் பாடு

லாருட் சண்டைகள் 1874-இல் ஓய்ந்த பிறகு, ‘பேரமைதி’ என்று பொருள்படும் சீனப் பெயரைப் பெற்ற ஊர் இந்தத் தைப்பிங். இங்கே வந்து, ‘பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழைக் கெடுக்கிறது’ என்று சண்டையைத் தொடங்கியிருக்கிறார்கள் எதிரணியினர்!

நம் பிள்ளைகள் கட்டுரையில் ‘எழுதுக்கிறான்’ என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். அப்படி எந்த வீட்டிலாவது பேசுகிறோமா? ‘எழுதுறான்’ என்கிறோம். ‘படிக்கிறான்’ என்னும்போது மட்டும் ‘க்’ அழுந்துகிறது. வாய் சரியாகத்தான் சொல்கிறது.

ஐயம் வந்தால் எதிர்காலத்தில் சொல்லிப் பாருங்கள். படிப்பான், நடப்பான், சிரிப்பான். ‘ப்ப்’ வந்தால் நிகழ்காலத்தில் ‘க்க்’ வரும்: படிக்கிறான், நடக்கிறான், சிரிக்கிறான். எழுதுவான், ஓடுவான், வருவான் என்று ‘வ்’ வந்தால் மிகாது. இதற்கு நன்னூலை மனப்பாடம் செய்ய வேண்டாம். பாட்டியின் பேச்சு போதும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலாயில் ‘சாயா டத்தாங்’, ‘டியா டத்தாங்’. யார் வந்தாலும் வினை மாறாது. காலம் காட்ட ‘சுடா’ தனியே நிற்கும். தமிழிலோ எழுது, கிறு, ஆன் என்று செயலும் காலமும் ஆளும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். அசை பிரித்தால் போதாது. ‘ஓடினான்’ அசையில் ஓ-டினான். பொருளில் ஓடு, இன், ஆன்.

இத்தாலிய மொழியில் இன்னும் வேடிக்கை. ‘பார்லோ’ என்பதில் முன்னசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’. பின்னசையை அழுத்தினால் ‘பேசினான்’! அந்த மொழி பேசும் நாட்டில் பிறந்த வீரமாமுனிவர் தமிழுக்கு வந்து, நம் பேச்சு வழக்குக்கே ஓர் இலக்கணம் எழுதினார். இலத்தீனில் எழுதிய அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. எதிரணியினர் இகழும் கொடுந்தமிழை அவர் படிக்கத்தக்கதாக மதித்தார்.

எதிரணித் தலைவர் ஏதோ குறித்துக்கொள்கிறார். தெரியும் ஐயா! ‘நிக்கிறான்’, ‘கேக்கிறான்’ என்று பேசிப் பழகித்தானே ‘நிற்கிறான்’, ‘கேட்கிறான்’ என்பவற்றில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பீர்கள். அந்த இரண்டு சொற்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ‘எழுதுக்கிறான்’ எந்த வாயிலிருந்து வந்தது? அதற்குப் பதில் சொல்லுங்கள்.