மூச்சுக்குழலில் ஒரு படலம்



ஆண்டு விழா மேடையில் சளியைப் பற்றிப் பேசுவதா என்று முகஞ் சுளிக்காதிருக்க வேண்டுகிறோம். சென்ற குளிர்காலத்தில் நம் குடியிருப்புப் பெரியவர் ஒருவர் கேட்ட வினாவே இவ்வுரைக்கு வித்தாயிற்று. “எதிர்வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று நாள் வீதம் ஆறு மாதமாக அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள். எனக்கோ அதே மாத்திரையை மூன்றே நாளில் நிறுத்திவிட்டார்கள். இருமல் இருவருக்கும் உண்டே! நானும் கடையில் வாங்கி உண்டால் என்ன?” என்றார்.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது உட்சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் விரலில் தட்டுப்படுமன்றோ? நீரை இறைத்துவிட்டால் மட்டும் அது போவதில்லை; தேய்த்தாலன்றிப் பெயராது. நுண்ணுயிர்கள் கூடித் தாமே சுரந்த பசைக்குள் அமைத்துக்கொண்ட குடியிருப்பு அது; உயிர்ப்படலம் என்பர். நாட்பட்ட நோயால் விரிந்து சிதைந்த மூச்சுக்குழல்களிலும் சூடோமோனாஸ் என்னும் கிருமி இவ்வாறே குடியேறுகிறது. படலத்தின் அடியிலுள்ளவை உணவும் உயிர்வளியும் குறைந்து உறங்கினாற்போற் கிடக்கின்றன. கிருமிக்கொல்லி மருந்துகளிற் பல, வளர்ந்து பெருகும் கிருமியையே நன்கு தாக்குவன; உறங்குவது தப்பிவிடுகிறது. காய்ச்சல் தணிந்த சில வாரத்தில் சளி மீண்டும் பெருகுவது இதனால்தான்.

இங்கே ஜப்பானியரின் அனுபவம் ஒன்றைக் கூறவேண்டும். நுண்ணிய மூச்சுக்குழல்கள் எங்கும் அழற்சி பரவும் கொடிய நோயொன்று அந்நாட்டில் 1960-களில் இனங்காணப்பட்டது. 1970-களில் அந்நோய் கண்டவருள் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்கு 63 பேரே. ஷோஜி குடோ என்னும் மருத்துவர், வேறொரு மருத்துவரிடம் எரித்ரோமைசினைக் குறைந்த அளவில் நெடுநாள் உண்டு தேறிய நோயாளி ஒருவரைக் கண்டார். (பிலிப்பைன்ஸ் தீவின் மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1952-இல் விற்பனைக்கு வந்த பழைய மருந்துதான் அது.) தற்செயல் என்று தள்ளிவிடாமல் பிறருக்கும் கொடுத்துப் பார்த்தார். அம்முறை பரவிய பின், 1985 முதல் நோய் கண்டவருள் ஐந்தாண்டு கடந்தோர் நூற்றுக்கு 91 ஆயினர்.

வியப்பு யாதெனில், எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் அடங்கிய மாக்ரோலைடு இனம், அந்த அளவில் சூடோமோனாஸைக் கொல்ல வல்லதன்று. சளியில் கிருமி இருந்துகொண்டேயிருக்க, நோயாளி தேறினார்! கிருமிகள் சில வேதிப்பொருள்களை வெளிவிட்டுத் தம் கூட்டத்தின் பெருக்கத்தை ஒன்றுக்கொன்று உணர்த்துகின்றன; போதிய அளவு கூடியதும் படலம் கட்டவும் நச்சுச் சுரக்கவும் முனைகின்றன. அந்தச் சமிக்ஞையை மாக்ரோலைடு குலைப்பதும், படலத்தின் பசையைக் குறைப்பதும் ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டன. அன்றியும், வெள்ளணுக்கள் திரண்டு விளைக்கும் அழற்சியையும் அது தணிக்கிறது. இவற்றுள் எது பெரும்பங்கு என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை. அழற்சி தணிவதே பெரிது என்பது நம் எண்ணம்.

ஆகவே எதிர்வீட்டுக்காரர் உண்பது கிருமியைக் கொல்ல அன்று. மூச்சுக்குழல் சிதைவு உறுதியாகி, சளியும் இதயத் துடிப்பும் சோதித்த பின்னரே மருத்துவர் அதனைத் தொடங்குவர். ஏனெனில் இம்மருந்து சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும், செவிப்புலனையும் குறைக்கலாம். காசநோய்க் கிருமிக்கு உறவான வேறு சில கிருமிகள் நுரையீரலில் ஒளிந்திருப்பின், இதனை மட்டும் நெடுநாள் உண்பதால் அவை மருந்துக்கு அடங்காதனவாகிவிடும். அப்போது அவற்றை ஒழிக்கும் முதன்மையான மருந்தே கைவிட்டுப் போகும். சாதாரணச் சளிக்காய்ச்சலோ வைரசால் வருவது. அதற்கு இம்மாத்திரை மூன்று நாளும் வேண்டா. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பின் நம் நாட்டில் முதலிற் செய்யத்தக்கது காசநோய்க்கான சளிப் பரிசோதனையே.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட பெரியவர், “அப்படியானால் சளியை எங்கே கொடுக்கவேண்டும்?” என்று வினவினார். மறுநாட் காலை மருத்துவமனைக்குப் புறப்படுகையில், சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை நம்மிடம் நீட்டினார். இரண்டு மாத்திரைகள் முன்னரே குறைந்திருந்தன.