எட்டடி மேசை எட்டடியா?



பிறந்த மண்ணை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நாம், ஊருக்குப் போய்த் திரும்பும்போது மறவாமல் வாங்கி வரும் பொருள்களுள் எட்டு முழ வேட்டியும் ஒன்று. எட்டு முழம் என்று கேட்டு வாங்குகிறோமே அன்றி, அதனை விரித்துக் கையால் முழம் போட்டுப் பார்ப்பவர் அரியர். நாலு முழத்தினின்று அதைப் பிரித்தறியப் பெயர் உதவுகிறது, அவ்வளவே. அளவைக் குறிக்கும் சொல் நாளடைவில் வெறும் பெயராக மாறிவிடுவது பல தொழில்களிலும் உண்டு. பூல் என்னும் விளையாட்டுக்குரிய மேசையும் அத்தகையதே. இதனை அறியாது நாம் இழைத்த பிழை ஒன்றை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

தில்லியில் நாம் வாழும் பகுதித் தமிழர்கள், தங்கள் சங்கக் கூடத்தில் இளைஞர்களுக்காக ஒரு பூல் மேசை போட விரும்பினார்கள். மாதச் சம்பளக்காரர்கள் தம்மால் இயன்றதைக் கொடுத்துப் பணம் சேர்த்தார்கள். கடைக்காரர் அனுப்பிய ஆங்கில விலைப்பட்டியலைத் தமிழாக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. மொழிபெயர்ப்பே நம் பிழைப்பல்லவா? மூலத்தில் 'எட்டடி மேசை' என்று மட்டுமே இருந்தது. விளக்கமாக இருக்கட்டும் என்று கருதி, 'நீளம் 8 அடி, அகலம் 4 அடி' என்னும் தொடரை நாமாகவே சேர்த்தோம்.

ஆட்டக்காரர் கோலை நீட்டி அடிப்பதற்கு, மேசையின் நான்கு புறமும் கோலின் நீளமாகிய 58 அங்குலமாவது இடம் வேண்டும். ஆகவே 8 அடியோடு இரு புறத்துக்கும் 9 அடி 8 அங்குலத்தைக் கூட்டினார்கள். கூடம் 17 அடி 8 அங்குல நீளமும், 13 அடி 8 அங்குல அகலமும் இருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. எங்கள் கூடமோ 17 அடி 3 அங்குல நீளமும், 13 அடி 6 அங்குல அகலமும் உடையது. எட்டடி மேசை கைவிடப்பட்டது. ஏழடி மேசை வந்து இறங்கியது.

வந்த அன்றே ஓர் இளைஞர் நாடா வைத்து ஆடுதளத்தை அளந்தார். 78 அங்குலமே இருந்தது. "ஏழடி என்றால் 84 அங்குலம் இருக்க வேண்டாமா, சார்? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரே!" என்றார். விசாரித்தபோதுதான் ஏமாற்றியவர் கடைக்காரர் அல்லர் என்பது விளங்கிற்று.

பூல் மேசையின் ஆடுதளத்தை அளப்பதற்கு ஒரு முறை உண்டு. ஓரங்களில் பந்து மோதித் திரும்பும் ரப்பர் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். எதிரெதிர் விளிம்புகளின் நுனிக்கு நுனி அளக்க வேண்டும். அவ்வாறு அளந்தால், ஒன்பதடி மேசையின் ஆடுதளம் 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் உடையது. வீடுகளில் பெரிதும் போடப்படும் எட்டடி மேசை 88க்கு 44 அங்குலம். 92க்கு 46 அங்குலமுள்ள பெரிய மேசைக்கும் அதே எட்டடிப் பெயர்தான். ஏழடி மேசையிலும் ஓரிரு அங்குல வேறுபாடுகள் உண்டு. எல்லாவற்றிலும் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு என்பதே மாறாத விதி. மறுபுறம், மரச் சட்டங்களையும் சேர்த்து வெளிப்புறத்தை அளந்தாலோ, பெயரைக் காட்டிலும் நீளம் மிகுந்துவிடும். உள்ளளவுக்கும் புறவளவுக்கும் இடையே நிற்கிறது பெயர்.

ஸ்நூக்கர் மேசையின் செய்தியும் இதுவே. 1875ஆம் ஆண்டு ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரிகளிடையே அவ்விளையாட்டு தோன்றியது என்பர். 1882இல் உதகமண்டலத்துக் கிளப்பில் அதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. நம் நீலகிரியில் விதி பெற்ற அவ்விளையாட்டின் முழு அளவு மேசையைப் பன்னிரண்டடி மேசை என்றே வழங்குகிறோம். ஆனால் அதன் ஆடுதளமோ 11 அடி 8½ அங்குல நீளமும், 5 அடி 10 அங்குல அகலமுமே ஆகும்.

இனி எங்கள் கணக்குக்கு வருவோம். 88 அங்குலத்தோடு 116 அங்குலத்தைக் கூட்டினால் 204 அங்குலம், அதாவது சரியாக 17 அடி. அகலத்துக்கு 13 அடி 4 அங்குலம் போதும். எட்டடி மேசை எங்கள் கூடத்தில் அடங்கி, நீளத்தில் 3 அங்குலமும் அகலத்தில் 2 அங்குலமும் மிஞ்சியிருக்கும்! நாம் சேர்த்த அந்த ஒரு தொடர் இல்லாதிருந்தால், யாரேனும் கடைக்காரரிடம் அளவைக் கேட்டிருப்பார்கள்.

சங்கத்துப் பெரியவர், "பிள்ளைகள் ஆடுகிறார்களே, அது போதும்" என்று கூறிவிட்டார். ஆயினும் அப்பிள்ளைகள் வெளியே ஒன்பதடி மேசையில் போட்டிக்குச் சென்று திரும்பியபோது, பழகிய வேகத்தில் அடித்த பந்து எட்ட வேண்டிய இடத்தை எட்டாமல் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டுத் தலை குனிந்தவர் நாம் ஒருவரே.

மேசை வாங்க எண்ணுவோருக்கு எளிய வழி ஒன்று சொல்வோம். பூல் மேசையின் நீண்ட சட்டத்தில் வரிசையாகப் புள்ளிகள் பதிக்கப்பட்டிருக்கும். அவை ஆடுதளத்தின் நீளத்தை எட்டுச் சம பாகங்களாகப் பிரிப்பவை. அடுத்தடுத்த இரு புள்ளிகளின் இடைவெளியை எட்டால் பெருக்குங்கள். பன்னிரண்டரை அங்குலமாயின் ஒன்பதடி மேசை. 11 அங்குலமாயின் எங்கள் கைக்கு எட்டாமற்போன எட்டடி மேசை. அதனோடு 116 அங்குலத்தைக் கூட்டிக்கொண்டு, பின்னர் உங்கள் கூடத்தை அளவுங்கள்.

மொழிபெயர்க்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: பெயரைப் பெயராகவே விடுங்கள். அளவை அளந்து பார்த்த பிறகே எழுதுங்கள்.